ஒரு பாவு முடிந்தால் ஒரு நாள் லீவு!

சகோதரிகளே, எனக்குக் கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆகிறது. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எந்தக் காரணமும் இல்லாமல் நானும் என் கணவரும் மட்டும் சேர்ந்து வெளியே போனது ஒரே ஒரு நாள். அதுவும் போன மாதம்தான்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் எங்களுக்கு. வீட்டிலேயே பட்டுத்தறி. அவர் குழியில் இறங்கி உட்கார்ந்தால், கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ள நான் பக்கத்தில் உட்காருவேன். மற்ற நேரம் தார் சுற்றுவேன். "நாள் பூரா புருஷன் பக்கத்துலயே இருக்கே, கொடுத்து வெச்சவ" என்பார்கள் தெருவில். பக்கத்தில் இருக்கிறோம்தான். ஆனால் இரண்டு பேர் கண்ணும் இழையில் இருக்கும். "இழை அறுந்துடுச்சு பாரு", "ஜரிகை தீரப் போகுது". எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மூன்று சேலை நெய்து பாவு முடிந்தது. புதுப் பாவு பிணைக்கிறவர் ஒரு நாள் கழித்துத்தான் வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரகடத்தில் வேன் ஓட்டும் என் தம்பி, "அக்கா, மாமாவைக் கூட்டிக்கிட்டு வண்டலூருக்குப் போயிட்டு வா. திரும்பும்போது எங்க பக்கம் ஜப்பான் ஹோட்டல் ஒண்ணு இருக்கு. எதிர்லயே சமைச்சுப் போடுவாங்க. நான் சொல்லி வைக்கிறேன்" என்றான். மாமியார், "ஏன், நம்ம வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார். ஆனால் ராத்திரி அவரே வந்து, "புள்ளைங்களை நான் பார்த்துக்கறேன், போயிட்டு வா" என்றார்.

பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதனால் புதன்கிழமை காலை புளிசாதம் கட்டிக் கொண்டு, பைக்கில் வாலாஜாபாத், ஒரகடம் வழியாகப் போனோம். வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேராம். நம் கணக்கில் கிட்டத்தட்ட 1,490 ஏக்கர்! 1855ல் எழும்பூர் மியூசிய வளாகத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலைதான் பிறகு இடம் மாறி, 1985ல் வண்டலூரில் திறக்கப்பட்டது. வெள்ளைப் புலி, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி என்று பார்த்து நடந்ததில் கால் கடுத்துப் போனது. குரங்கு ஒன்று தன் குட்டிக்குப் பேன் பார்த்துக் கொண்டிருந்தது. "உன்னைப் போலவே இருக்கு" என்று சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மரத்தடியில் புளிசாதம் சாப்பிடும்போதுதான் மெல்ல ஆரம்பித்தார். "ஒரகடத்துல ஒரு கம்பெனியில செக்யூரிட்டி வேலை இருக்காம். மாசம் பொறந்தா சம்பளம். இடுப்பு வலி தாங்கல. இந்தப் பாவோட தறியை நிறுத்திடலாமான்னு பார்க்கறேன்" என்றார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆறு மாதமாக மனதில் வைத்திருந்தாராம். பக்கத்திலேயே உட்கார்ந்து நாடா தள்ளியவளுக்குத் தெரியவில்லையே! "என்னங்க, என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "எங்கே சொல்றது? தறிச் சத்தத்துல காது கேக்குமா?" என்றார்.

சாயங்காலம் அந்த ஹோட்டலுக்குப் போனோம். வாசல் பலகையில் 'ஹிபாச்சி' என்று எழுதியிருந்தது. ஜப்பானில் ஹிபாச்சி என்றால் குளிருக்குக் கை காய வைக்கும் கரிச்சட்டி. நம் கும்முட்டி அடுப்பு மாதிரி. எங்கள் முன்னால் இருந்ததோ பெரிய இரும்புக்கல். அதற்கு அங்கே 'தெப்பன்' என்று பெயர். 1964ல் ஒரு ஜப்பானியர் நியூயார்க்கில் ஹோட்டல் திறந்து, சமைப்பதையே வித்தை போலக் காட்டி அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கினாராம். கார் கம்பெனிகளுக்காக ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் நம் பக்கம் வந்ததில் இதுவும் கூடவே வந்துவிட்டது.

சமைத்த பையன் வடகிழக்கு மாநிலத்தைச் சேர்ந்தவன். வெங்காய வளையங்களை அடுக்கி எண்ணெய் ஊற்றி நெருப்பு கொளுத்தினான். குப்பென்று எரிந்ததில் நான் அவர் கையைப் பிடித்துக் கொண்டேன். இரண்டு கரண்டிகளும் டக் டக்கென்று தாளம் போட்டன. "அவன் கையைப் பாரு, நாடா ஓடற மாதிரியே இருக்கு" என்றார் என் கணவர், கண் எடுக்காமல். எனக்குக் காய்கறி சோறு, அவருக்குக் கோழி. "அக்கா, காரம் வேணுமா?" என்று கேட்டு, முதலில் என் தட்டில்தான் சுடச்சுடப் போட்டான்.

சகோதரிகளே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருஷமாக எல்லாருக்கும் போட்டுவிட்டு, ஆறிப்போன குழம்பும் அடிச்சட்டிச் சோறும் சாப்பிட்டுத்தான் பழக்கம். நான் உட்கார்ந்திருக்க, ஒருவர் எனக்காகச் சமைத்துச் சூடாகப் போட்டது அன்றுதான். "ஏன் அழுவற?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

பில் ரூ.1,900. தம்பி கொடுக்க வந்தான், அவர் விடவில்லை. எனக்குப் பகீரென்றுதான் இருந்தது. ஆனால் ஆறு மாதம் மனதுக்குள் புழுங்கியதற்கு முன்னால் அது பெரிய காசா?

வீடு வரும் வழியெல்லாம் பேசினோம். பெரியவள் பிளஸ் டூ முடிக்கும்வரை தறி ஓடட்டும், இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்ப்பது, அப்புறமும் முடியாவிட்டால் வேலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். நான் ஒன்று கேட்டேன்: ஒரு பாவு முடிந்தால் ஒரு நாள் லீவு. ஹோட்டல் வேண்டாம், ஏரிக்கரைக்குப் போய் வேர்க்கடலை கொறித்தாலும் போதும். "சரி" என்றார்.

இப்போது ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டிலும் 'ஜப்பான் ஹோட்டல்'தான். தோசைக்கல்லில் கோஸ், கேரட், குடமிளகாயைப் பெரிய தீயில் வதக்கி, ஆறிய சோற்றையும் கொஞ்சம் சோயா சாஸையும் போட்டுப் பிரட்டுகிறேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, நானும் சேர்ந்தே சாப்பிடுகிறேன். முதல் கரண்டி என் தட்டில் விழுகிறது. போடுவது யார் தெரியுமா? என் மாமியார்தான்!

— ஒரு வாசகி, ஏனாத்தூர்.