காற்றின் மேல் ஓடும் வண்டி

பாலசமுத்திரத்திலிருந்து சித்தூருக்கு மாங்காய் ஏற்றிச் செல்லும் வேன், போகும்போது சாதுவாகவும் வெறுமையாகத் திரும்பும்போது குதித்தும் ஓடுவதைக் காண்கிறோம். நிறைசுமையைத் தாங்கவேண்டி வில்பட்டைகளை விறைப்பாக அமைத்திருப்பதே காரணம். வெளிமாநிலத்திலிருந்து முதியோருடன் வேனில் ஊர் திரும்பும் நம்மவர்க்கு இக்குலுக்கலின் துன்பத்தைச் சொல்லவேண்டுவதில்லை.

பட்டைக்குப் பதிலாக ரப்பர்ப் பையில் அழுத்தக் காற்றை அடைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். சுமையால் வண்டியின் உடல் தாழ்ந்ததும், அச்சோடு இணைந்த சிறு கை ஒரு வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடுகிறது. சுமை இறங்கினால் வெளியேற்றுகிறது. உயரம் மாறுவதில்லை, பையின் விறைப்பே சுமைக்கேற்ப மாறுகிறது. 2022இல் திருப்பதி–திருமலை மலைப்பாதையில் ஓடத் தொடங்கிய மின்பேருந்துகளிலும் காற்றுப் பைகளே உள்ளன.

சிலர் மிடுக்குக்காக வண்டியை அளவுக்கு மேல் உயர்த்துகின்றனர். இது வீண் ஆசை. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமின்றிப் போவதால் சுகம் கெடும். எடையின் மையம் மேலேறுவதால் வளைவுகளில் சாய்வு மிகும். மிகத் தாழ்த்தினாலோ, மேட்டில் அடிமுட்டும். காற்றுப் பை வைத்ததனால் அனுமதித்த சுமையும் கூடிவிடாது. பை எக்கணமும் தளரலாம். ஆதலின், முட்டுத்தாங்கி வைக்காமல் வண்டிக்கடியில் எவரும் படுத்தலாகாது.