பழைய செடியும் புதிய நாற்றும்

வெற்றியின் வாயில்வரை சென்று மீண்டும் மீண்டும் வெறுங்கையுடன் திரும்பும் ஓர் அணி யாது செய்தல் வேண்டும்? இருப்போரையே நம்பி இன்னுமொரு முறை முயல்வதா? அன்றி, அனைத்தையும் கலைத்துப் புதிதாகத் தொடங்குவதா? வள்ளுவர் பொருட்பாலில் இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரமும், தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். விடாது நிற்றலும் வேண்டும். இழப்பையும் ஊதியத்தையும் எண்ணித் துணிதலும் வேண்டும். எப்பொழுது எது என்பதே வினா.

நம் நாட்டுக் கிரிக்கெற் அணியின் வரலாறு இவ்வினாவிற்கு ஏற்ற சான்றாகும். 1996இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை, 2007இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. 2009இல் லோர்ட்ஸ் மைதானத்தில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைப் பாக்கிஸ்தானிடம் இழந்தது. 2011இல் மும்பாயில் மகேல ஜயவர்தன ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் குவித்தும் இந்தியாவே வென்றது. 2012இல் கொழும்பிலே, சொந்த மக்களின் முன்னிலையில், மேற்கிந்தியத் தீவுகளிடம் 36 ஓட்டங்களால் வீழ்ந்தது. ஆறாண்டுக்குள் நான்கு இறுதியாட்டங்கள், நான்கிலும் தோல்வி!

இனி இம்மூத்தோரால் ஆவதொன்றில்லை எனக் கூறுதல் அன்று எளிதாயிருந்திருக்கும். ஆயினும் 2014 ஏப்ரிலில் டாக்கா நகரில் இந்தியாவை வென்று இருபது ஓவர்க் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, இறுதிவரை நின்று 52 ஓட்டங்கள் எடுத்தவர் அம்மூத்தோருள் ஒருவராகிய குமார் சங்கக்காரவே.

2015ஆம் ஆண்டுடன் அவரும் ஜயவர்தனவும் சர்வதேச ஆட்டங்களினின்று முற்றாக விடைபெற்றனர். பின்னர் நேர்ந்ததை நாம் அறிவோம். தலைமை பலமுறை கைமாறிற்று. 2017இல் சொந்த மண்ணிலேயே சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை இழந்தோம். 2019இல் தென்னாபிரிக்காவில் டெஸ்ற் தொடரை வென்ற முதல் ஆசிய அணி என்னும் புகழும், 2022இல் ஆசியக் கிண்ணமும் கிட்டின. ஆனால் 2023 உலகக் கிண்ணத்தில் பத்து அணிகளுள் ஒன்பதாம் இடமே வாய்த்தது. துளிர்ப்பதும் வாடுவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

தலவாக்கலையில் வாழ்வோர்க்கு இது புதிய பாடமன்று. இங்குள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் பன்னெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருள்களுள் மறுநடுகையும் ஒன்று. முதிர்ந்த செடிகளைப் பிடுங்கியவுடன் புதிய கன்றை நடுவதில்லை. ஒன்றரை இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து மண்ணைத் தேற்றுவர். அதற்கிடையில் நாற்றுமேடையிலே துண்டங்கள் வேர்பிடித்து நிற்கும். நட்ட பின்னரும் நிறைந்த கொழுந்தைக் காணச் சில ஆண்டுகள் காத்தல் வேண்டும். அதுவரை அம்மலை வருவாய் தராது. ஆதலின் எல்லா மலைகளையும் ஒரே ஆண்டிற் பிடுங்கத் துணிவார் இலர். பிடுங்காத மலையைக் கவ்வாத்து வெட்டித் துளிர்க்கச் செய்வர்.

மறுநடுகையைத் தள்ளிக்கொண்டே போனாலும் கேடுண்டு. விளைவு குன்றிய மலையில் நாள் முழுவதும் நின்றும் குறித்த நிறையை எட்டாத பெண்ணுக்கு அரைப் பேரே கிடைக்கும். மேலிருப்போர் பிற்போட்ட முடிவின் சுமை அவள் கூடையில் ஏறுகின்றது. அவ்வாறே, ஆயத்தமின்றிக் களத்தில் இறக்கப்பட்ட இளைஞனே அணியைக் கட்டியெழுப்பத் தவறியோரின் பழியையும் சுமக்கின்றான்.

எனவே நூலிழையில் வெற்றியைத் தவறவிட்ட அணியை வேரோடு களைதல் அறிவுடைமையாகாது. அதற்குக் கவ்வாத்துப் போதும். ஆனால் அது கொழுந்து தரும் காலத்திலேயே நாற்றுமேடை நிரம்பியிருத்தல் வேண்டும். சங்கக்கார போன்றோர் களத்தில் நின்ற நாள்களே அடுத்தவரைப் பழக்குதற்குரிய நாள்கள்.

ஆசிரியர்களாகிய நாம் இதனை நம் பள்ளிகளிற் பொருத்திப் பார்க்கலாம். மேல்வகுப்பு மாணவர் பதினொருவரைக் கொண்டே ஒரு பள்ளி கிண்ணத்தை வெல்லக்கூடும். மறுவருடம் அவர்கள் பள்ளியை விட்டு நீங்குவர். இருவர் மூவரேனும் கீழ்வகுப்பினர் அவர்களோடு நின்று ஆடியிருப்பின், அணி அறுபடாது தொடரும். நாடகத்திற்கும் பேச்சுப் போட்டிக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இஃது ஒக்கும். இவ்வாண்டு அணியைத் தெரிவு செய்யும்போது, அடுத்த ஆண்டிற்குரிய பெயர்களும் அப்பட்டியலில் இருத்தல் நன்று.