கூரைப் பீலியும் குடும்பத்தின் பாதுகாப்பும்

சிறு துளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் மொழி. அதன் உண்மையை மலைச்சரிவில் மனை அமைத்து வாழும் மக்கள் ஏனையோரைக் காட்டிலும் நன்கறிவர். ஆயினும் கூரையில் விழும் துளிகளையெல்லாம் ஏந்திச் செல்லும் பீலியை நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கின்றோம்? வாயிலைக் கழுவி, முற்றத்தைப் பெருக்கிக் கோலமிடும் இல்லத்தரசியின் கண்ணுக்கும் அது தப்பிவிடுகின்றது. நீர் பிடிக்கும் பீலிக்கரையைத் துப்புரவாக வைத்திருக்கும் தோட்ட மக்கள், கூரையோரப் பீலியையும் அவ்வாறே பேணுவது அவசியமாகும்.

ஊவாவின் பருவம்

ஆனி, ஆடி மாதங்களில் ஹற்றன் பக்கம் மழை கொட்டும்போது, பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதிகளில் வறண்ட கச்சான் காற்றே வீசும். மலைத்தொடரின் மறைவில் ஊவா அமைந்திருப்பதே இதற்குக் காரணம். அக்காற்றில் தேயிலை மலைகளின் சவுக்கு இலைகளும், யூக்கலிப்டஸ் சருகுகளும், பைனஸ் ஊசிகளும் பறந்து வந்து கூரைகளில் தங்குகின்றன. 1970களிலும் 1980களிலும் ஊவாவின் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் வனத் திணைக்களம் பைனஸ் மரங்களைப் பெருமளவில் நாட்டியது. அதன் இலை எளிதில் மக்காது. ஒன்றோடொன்று பின்னிப் பாய்போலப் படிந்துவிடும். இவ்வாறு கோடை முழுவதும் நிரம்பிய பீலியின்மீதுதான் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பெருமழை பொழிகின்றது.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லீற்றர். பத்துக் காம்பராக்கள் கொண்ட லயம் ஒன்றின் கூரையில் ஒரு பக்கம், 100 அடி நீளமும் 15 அடி அகலமும் உடையதெனக் கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 140 சதுர மீற்றர். ஓரிரவில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், அப்பக்கத்திலிருந்து மட்டும் 7,000 லீற்றர் நீர் இறங்கும். அதன் நிறை ஏழு தொன்!

பீலி திறந்திருந்தால் இந்நீர் குழாய் வழியாகக் கானுக்குச் சென்றுவிடும். அடைபட்டிருந்தாலோ விளிம்பைத் தாண்டி வழிந்து, சுவரில் ஊறி, அத்திவாரத்தின் அடிமண்ணை அரிக்கும். சருகின் ஈரம் தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். மழை ஓய்ந்தபின் பீலியில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதிய நுளம்புகள் பறக்கத் தொடங்கும். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும்.

மலை தரும் எச்சரிக்கை

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை எவர் மறப்பர்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் மாண்டன. இத்தகைய பெருஞ்சரிவைப் பீலி துடைத்துத் தடுத்துவிடலாம் என எவரும் எண்ணலாகாது. ஆனால் சரிவில் இறங்கும் நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டி, அதன் பிடிப்பைத் தளர்த்துகின்றது என்பது உண்மை. வீட்டுக்குப் பின்னுள்ள மண் அணையில் கூரைநீர் ஓயாமல் விழுமானால், அவ்வணை இடிவதற்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கூறும் அளவுகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், புதிதாகக் கலங்கல் ஊற்றுத் தோன்றுதல், ஓடிய ஊற்று திடீரென நின்றுபோதல் ஆகியவை தென்பட்டால் அளவு பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. அந்நேரம் கான் வெட்டும் நேரமன்று; பிள்ளைகளோடு வெளியேறும் நேரம்.

செய்யும் முறை

புரட்டாதியில் நவராத்திரிக்கு வீடு கழுவும்போதே இவ்வேலையையும் முடித்துவிடுவது சிறந்தது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையேனும் மீண்டும் பார்க்க வேண்டும்.

காற்றோ மழையோ இல்லாத பகலில், உறுதியான தரையில் ஏணியை நிறுத்தி, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறுக. மின்கம்பி அருகில் உள்ளதா, குளவி கூடு கட்டியிருக்கின்றதா என முதலில் நோக்குக. துருவேறிய தகரத்தின்மீதும் அஸ்பெஸ்டஸ் தகட்டின்மீதும் கால் வைத்தல் ஆகாது. தேளும் பூரானும் சருகில் ஒளிந்திருக்கலாம். எனவே வெறுங்கையை விட வேண்டாம். அள்ளியதைச் சாக்கில் இடுக. கானில் தள்ளினால் அடைப்பு இடம் மாறுமேயன்றித் தீராது. அச்சருகை மரக்கறிப் பாத்தியில் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும்.

பின்னர் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் எங்கேனும் தேங்குமாயின் அங்கே பீலி தொய்ந்துள்ளது. பத்தடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருந்தால்தான் நீர் ஓடும். குழாயின் வாயில் கம்பிவலை இடலாம். எனினும் அவ்வலைமீதும் ஊசியிலை படியுமாதலால் அதையும் துடைக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

லயத்தில் காம்பராக்கள் பல, கூரையோ ஒன்றே. தன் வாயிலுக்கு மேலுள்ள பகுதியை மட்டும் ஒருவர் துப்புரவாக்கினால், அடுத்த காம்பராவில் அடைபட்ட நீர் அனைவர் சுவரையும் நனைக்கும். ஆகவே லயத்தார் யாவரும் ஒருநாள் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது.

ஆனால் துருப்பிடித்து ஓட்டையான பீலியைத் துடைத்துப் பயனில்லை. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கோ கூரையும் நிலமும் பெரும்பாலும் சொந்தமாகவில்லை. ஒழுகும் கூரையைப் பற்றி வாய்ச்சொல்லாய் முறையிட்டால் அது காற்றோடு போய்விடும். பழுதுற்ற இடத்தையும் திகதியையும் குறித்து, லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, அதன் பிரதியொன்றை வைத்துக்கொள்வது அறிவுடைமை. வீட்டில் படித்த பிள்ளைகள் இக்கடிதத்தை எழுதித் தரலாமன்றோ?

சருகை அகற்றுவது நம் கடமை. நீரைத் தாங்கும் கூரையைக் கேட்பது நம் உரிமை. இவ்விரண்டையும் ஐப்பசி மழைக்கு முன்னரே செய்து முடிப்போமாக.