ஆபிங்டனில் பிறந்த சிறு கார்கள்

கலியாண ஊர்வலத்துக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் நம் ஊர்களில் தலைமுறைக் கணக்காக உழைத்த அம்பாசடர் காரின் பானெட்டைத் தூக்கி, உள்ளே சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்திருந்த அந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அதே வம்சத்து எஞ்சின், அதே 1489 சி.சி. கொள்ளளவோடு, இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டு வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் இரட்டை ஆசன ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தப்பட்டு, இளைஞர்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது என்பதை அறிந்தவர்கள் சிலரே. அம்பாசடரில் ஒரே கார்புரேட்டருடன் ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறன் தந்து ஒரு பெரிய குடும்பத்தை மூட்டை முடிச்சுகளோடு சுமந்த அந்த யந்திரம், எம்.ஜி.ஏ.யில் இரண்டு கார்புரேட்டர்களுடனும் சற்றுக் கூடுதலான அழுத்த விகிதத்துடனும் 68 குதிரைத்திறன் தந்தது. பின்பு 1962-இல் வந்த எம்.ஜி.பி.யில் அதுவே 1798 சி.சி.யாக வளர்ந்து 95 குதிரைத்திறனை எட்டியது.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி அபிமானிகள் எழுதுவதிலும் பேசுவதிலும் வேகத்துக்கும் சௌந்தரியத்துக்கும்தான் எப்போதும் முதல் மரியாதை. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பைப் போன்ற வாகனங்களுக்கு அந்த மரியாதை தகும். ஆயினும், சம்பளக்காரன் ஒருவன் சிறிது காலம் பணம் சேர்த்து வாங்கிவிடக்கூடியதாய், பழுதானால் தன் வீட்டு வாசலிலேயே தானே செப்பனிடக்கூடியதாய் இருந்த எம்.ஜி., டிரயம்ஃப், ஆஸ்டின்-ஹீலி ஆகிய கார்களின் மேல் அந்நாட்டு ஜனங்கள் வைத்திருக்கும் பிரியம் வேறு வகையானது. அதுவே ஆழமானது என்பது என் அபிப்பிராயம். அவற்றில் விசேஷமான உறுப்பு என்று எதுவுமே கிடையாது. எஞ்சின் குடும்பக் காரினுடையது. பின் அச்சும் அதனுடையது. கியர்ப் பெட்டியும் அதனுடையதே. அந்தச் சாதாரண உறுப்புகளை எந்த இடத்தில் எவ்வளவு தாழ்வாக வைத்தால், எதன் பாரத்தைக் குறைத்தால், ஓட்டுகிறவனை எங்கே உட்கார்த்தினால் ஓர் ஆனந்தம் பிறக்கும் என்ற சூட்சுமம் மட்டுமே அவற்றைச் செய்தவர்களுடைய சொந்தச் சரக்கு.

இந்த சூட்சுமத்தை முதன்முதலில் முழுமையாகக் கைவரப் பெற்றவர் செசில் கிம்பர். ஆக்ஸ்போர்டில் கார் உற்பத்தி செய்த வில்லியம் மாரிஸ் என்பவருக்கு அதே ஊரில் மாரிஸ் காரேஜஸ் என்ற விற்பனை நிலையம் இருந்தது. 1922-இல் அதன் மேலாளராக அமர்ந்த கிம்பர், மாரிஸ் கார்களின் சேசிஸை எடுத்து, அவற்றின்மேல் இலேசான, பார்வைக்கு எடுப்பான உடல்களைக் கட்டுவித்து விற்கத் தொடங்கினார். எண்கோணச் சட்டத்துக்குள் அடங்கிய எம்.ஜி. என்ற அந்த இரண்டு எழுத்துகள் மாரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கமேயாகும். 1929-இல் மாரிஸ் மைனரின் 847 சி.சி. எஞ்சினையும் சேசிஸையும் கொண்டே அவர் ஆக்கிய எம்-டைப் மிட்ஜெட், படகின் பின்புறத்தைப் போல் கூர்ந்து முடியும் துணி போர்த்திய உடலுடன், 175 பவுன் விலைக்கு வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்றன. அந்த ஆண்டிலேயே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில், முன்பு தோல் தொழிற்சாலையாக இருந்த கட்டிடத்துக்கு எம்.ஜி. ஸ்தாபனம் குடிபெயர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட கே-3 என்ற பந்தயக் காரில் 1933-இல் இத்தாலிய வீரர் நுவோலாரி டூரிஸ்ட் டிராஃபிப் பந்தயத்தை வென்றதெல்லாம் பெருமைக்குரிய சரித்திரம். கிம்பருடைய பிற்காலம் அப்படி அமையவில்லை. நிர்வாகத்தோடு கருத்து வேற்றுமை முற்றி 1941-இல் ஸ்தாபனத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட அவர், 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் விபத்தில் காலமானார். யுத்தத்துக்குப் பின் தம் கார்கள் உலகமெங்கும் பரவியதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

அவ்வாறு பரவியதற்கு முதற்காரணம் டி.சி. என்ற மாடல். 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகளே செய்யப்பட்டன. அன்றைய பிரிட்டனில், ஏற்றுமதி செய்கிற ஆலைகளுக்கே எஃகு ஒதுக்கப்பட்ட காரணத்தால், பெரும்பகுதி கப்பலேறிக் கடல் கடந்தது. அமெரிக்காவுக்குப் போனவை ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஸ்டீயரிங்கும் அந்நாட்டு வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம். எஞ்சினோ வெறும் 1250 சி.சி. இருந்தும், சோபா போன்ற ஆசனமும் எட்டு சிலிண்டரும் கொண்ட பெரிய கார்களுக்குப் பழகிப்போயிருந்த அமெரிக்க இளைஞர்கள், மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்த இந்தச் சிறு வண்டியில் ஏறி, முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைத்துவிட்டு, கதவின் வெட்டுவாயில் முழங்கையை ஊன்றி, 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள் தம் கண்ணெதிரே திரும்புவதைப் பார்த்தபடி ஓட்டியபோது, கார் ஓட்டுவது என்பதே ஒரு விளையாட்டு என்பதைக் கண்டுகொண்டார்கள். 1961-இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற அமெரிக்கரான பில் ஹில், ஒரு டி.சி.யில்தான் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார்.

இனி, இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருந்த ஓர் உறுப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். எஸ்.யு. கார்புரேட்டரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை நகர்த்த எனக்கு மனமில்லை; யந்திர சாஸ்திரத்தில் இவ்வளவு குறைந்த உறுப்புகளால் இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்த கருவிகள் அதிகம் இல்லை. காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் இதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் தோல் துருத்தி ஒன்று செய்துவந்த வேலையைப் பின்னர் உலோகப் பிஸ்டன் ஏற்றது. மற்ற கார்புரேட்டர்களில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட், வேகமான ஓட்டத்துக்கு வேறொரு ஜெட் என்று பல துவாரங்கள் வேண்டியிருக்க, இதில் இருப்பது ஒரே ஜெட், அதனுள் தொங்கும் ஒரே ஊசி. ஊசி நுனியை நோக்கிப் படிப்படியாய் மெலிந்து செல்லும். அதன் தலை, மேலே கவிழ்த்த கிண்ணம் போன்ற அறைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் பிணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் எஞ்சினின் உறிஞ்சுதல் பிஸ்டனிலுள்ள ஒரு சிறு துளை வழியாக மேலறைக்குச் சென்று அங்குள்ள காற்றழுத்தத்தைக் குறைக்க, கீழிருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனை மேலே தள்ளுகிறது. பிஸ்டன் உயர உயரக் காற்று நுழையும் வழி அகலமாகிறது. கூடவே ஊசியும் உயர்வதால் ஜெட்டுக்குள் அதன் மெல்லிய பகுதி வந்து, பெட்ரோல் வெளிவரும் இடைவெளியும் பெருகுகிறது. எவ்வளவு காற்றோ, அதற்கேற்ற பெட்ரோல்.

பிஸ்டன் தண்டின் உட்குழிவில் சிறிதளவு எஞ்சின் ஆயில் ஊற்றப்பட்டிருக்கும். மூடியிலிருந்து தொங்கும் ஒரு சிறு பித்தளை அடைப்பு அந்த ஆயிலில் மூழ்கியிருந்து, பிஸ்டன் திடீரென்று துள்ளி எழாதவாறு தடுக்கிறது. ஆகவே ஓட்டுகிறவர் அவசரமாக மிதிக்கும் கணத்தில், காற்றுவழி உடனே விரியாமல், உறிஞ்சுதலின் வேகம் ஜெட்டின்மேல் பாய்ந்து, வேண்டிய அளவு கூடுதல் பெட்ரோலை இழுத்துத் தருகிறது. அந்த ஆயில் வற்றிப்போனால் வண்டி மிதித்ததும் திணறும். இதை அறியாமல் பற்றவைப்பு முழுவதையும் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

கார்புரேட்டரைச் சரிபார்க்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சின் ஓடாதபோது பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், அது தடையின்றி இறங்கி ‘டக்’ என்று உட்கார வேண்டும். ஓசை கேட்காவிட்டால் அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது ஜெட் மையம் விலகியிருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டிலுள்ள சிறு ஊசியை அழுத்திப் பிஸ்டனை மயிரிழை உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றுவிட்டால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. இலேசாகக் கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரியாக இருக்கிறது. பின்பு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரு கார்புரேட்டர்களின் இரைச்சலும் ஒரே சுருதியில் வரும்வரை திருகுகளைத் திருப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு, அதற்கப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு பத்து மைல் போய்வந்த சந்தோஷத்தைத்தான் முதிய உரிமையாளர்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாக நினைவுகூர்கிறார்கள்.

எம்.ஜி.பி.யின் சாவியைத் திருப்பியதும் முதலில் கேட்பது எஞ்சினின் ஓசையன்று. பின்புறத்திலிருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் துடித்து, கார்புரேட்டர் தொட்டிகள் நிறைந்ததும் மெதுவாகி அடங்கும். அது அடங்கும்வரை காத்திருந்து பிறகு ஸ்டார்ட் செய்வது ஒரு சம்பிரதாயம். ஏறத்தாழ 920 கிலோ எடையுள்ள அந்த வண்டி நூறு மைல் வேகத்தை எட்டி அதற்குச் சற்று மேலும் போகும் என்றாலும், ரசம் இருப்பது ஐம்பது மைல் வேகத்தில் வளைந்து செல்லும் கிராமச் சாலையில்தான். தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அந்த ஐம்பதே எழுபதாகத் தோன்றுகிறது. கைக்கடக்கமான கியர்த் தண்டின் குறுகிய அசைவும், சாலையின் ஒவ்வொரு நெளிவையும் உள்ளங்கைக்குச் சொல்லும் ஸ்டீயரிங்கும் நெடுநாள் மறவாதவை. உபத்திரவங்களும் இருந்தன: மழை கித்தான் கூரையின் ஓரங்களில் கசிந்தது, கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டங்கள் உள்ளிருந்தே துருப்பிடித்து, வெளியே பெயிண்ட் உப்பும்போது பாதி அரிக்கப்பட்டிருந்தன, மின்கம்பிகளின் இணைப்புகளில் ஈரம் ஏறினால் விளக்கு மங்கிற்று. உரிமையாளர்கள் இவற்றை மறைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் வைத்தியம் அவர்கள் கையிலேயே இருந்தது.

டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் நமக்கும் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஸ்தாபனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டேயாகும். அதன் சேசிஸைச் சுருக்கித் திருத்தி, இத்தாலியரான மிக்கலோட்டி அதற்கு உடல் வரைந்து, 1962-இல் பிறந்ததே ஸ்பிட்ஃபயர். முன்சக்கரங்களின் மேல்மூடிகள் உட்பட முன்பாகம் முழுவதும் ஒரே பானெட்டாய் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் அந்த அமைப்பை, சென்னைத் தெருக்களில் ஹெரால்டு ஓட்டியவர்கள் நன்கு அறிவார்கள். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடியே மெக்கானிக் எஞ்சினில் வேலை செய்யலாம்.

அபிமானிகளிடையே ஓயாத சர்ச்சை ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றும் பொருட்டு 1974-இன் பிற்பகுதியிலிருந்து எம்.ஜி.பி.க்குப் பளபளக்கும் குரோமியம் பம்பர் நீக்கப்பட்டு, கனத்த கருநிற ரப்பர் பம்பர் பொருத்தப்பட்டது. விதித்த உயரத்துக்கு அது வரவேண்டுமென்று வண்டியே ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்டது. வளைவுகளில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. ரப்பர் பம்பர் வண்டியை எம்.ஜி. என்றே கொள்ளாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்னர் 1977-ஆம் ஆண்டு மாடலில் முன்னும் பின்னும் சாய்வுத் தடுப்புக் கம்பிகள் சேர்க்கப்பட்டு அக்குறை பெரும்பாலும் நீங்கியது. தவிரவும், விலை குறைவாய் இருப்பதால் இளைஞன் ஒருவன் இன்று வாங்கக்கூடியது அந்த வண்டிதான். ஃபோர்டு சியராவின் ஐந்து கியர்ப் பெட்டியையும் மின்னணுப் பற்றவைப்பையும் பொருத்திக்கொள்வதையும் நான் ஆட்சேபிக்கமாட்டேன். ஆனால் இரண்டு எஸ்.யு.க்களைக் கழற்றிவிட்டு வேறு கார்புரேட்டரைப் பொருத்துவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊர் தன் எம்.ஜி. ஆலையின் ஐம்பதாண்டு நிறைவை ஒரு வாரம் விழா எடுத்துக் கொண்டாடியது. விழா முடிந்த கையோடு, 10-ஆம் தேதி, ஆலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளிவந்தபோது, அதன் பல்வேறு வடிவங்களுமாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன. எட்டாண்டுகளுக்குப் பின், 1988-இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் ஸ்தாபனம் பழைய அச்சுக் கருவிகளைத் தேடிச் சேகரித்து, எம்.ஜி.பி.யின் உடல் முழுவதையும் புதிதாகவே செய்து விற்கத் தொடங்கியது. துரு தின்ற வண்டியின் எஞ்சினையும் அச்சுகளையும் ஆசனங்களையும் கழற்றிப் புதிய உடலுக்கு மாற்றி, மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஏராளம். அதற்கு மறு ஆண்டில் ஜப்பானியர்கள் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற இரட்டை ஆசனக் காரை, இந்த பிரிட்டிஷ் வழியையே சிரத்தையோடு பயின்று, மழை கசியாமலும் வயர் கெடாமலும் செய்து உலகுக்கு அளித்தார்கள்.

பழைய வண்டிகளை இன்று வைத்திருப்பவர்களுக்குக் கவலை தருவது பெட்ரோல்தான். ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றது. வால்வு உட்காரும் விளிம்புகளைத் தேயாமல் காத்துவந்தது அந்த ஈயமாதலால், சிலிண்டர் தலையைக் கழற்றி, வெளியேற்று வால்வுகளின் இருக்கைகளுக்குக் கடினமான எஃகு வளையங்களைப் பதித்துக்கொண்டார்கள். 2021 முதல் பத்து சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கு வழக்கத்துக்கு வந்தபின், அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கி வெடிக்கச் செய்வதால், டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள குழாய்களை எல்லாம் புதிய ரகத்தில் மாற்றி வருகிறார்கள். மாற்றியதை முதலில் பரீட்சித்துச் சொல்வது சாவியைத் திருப்பியதும் துடிக்கும் அந்தப் பெட்ரோல் பம்பே; எங்கேனும் கசிவிருந்தால் அதன் துடிப்பு அடங்குவதில்லை.