உஷார்! அறுபதில் கம்பு எடுக்கும் ஆட்டக்காரர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?

வீட்டில் சிலம்பம் ஆடிய அப்பா இருக்கிறாரா? மாமனார்? பெரியப்பா? அப்படியானால் இதை முழுசாகப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள்.

"எங்க ஐயாவுக்கு என்ன? அந்தக் காலத்து உடம்பு. கம்பு சுத்துன உடம்பு." கம்பம், சின்னமனூர், போடி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சுதான். அந்த நினைப்புதான் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது.

கம்பத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். ஊரும் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது.

அவருக்கு வயது 61. இளவட்டமாக இருந்தபோது அவருக்கு எதிரே கம்பு பிடிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் தயங்குமாம். கல்யாணத்துக்குப் பிறகு ஏலத்தோட்ட வேலை. விடியுமுன் ஜீப் ஏறினால் கம்பம்மெட்டு தாண்டிப் போய், பொழுது சாய்ந்துதான் வீடு. கம்பு பரணுக்குப் போய்விட்டது. வருசக்கணக்கில் யாரும் தொடவில்லை. பிறகு பேரன் பள்ளிக்கூடத்தில் சிலம்பம் சேர்ந்தான். மனிதருக்குப் பழைய ரத்தம் சூடாகிவிட்டது. கம்பை இறக்கித் துடைத்து எண்ணெய் தடவினார்.

கோயில் திருவிழா. முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் ஆட்டம். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தரையைத் தொட்டுக் கும்பிட்டு, சலாம் வரிசையில் ஆரம்பித்தார். ஒரு காலடி பிசகவில்லை. பேரனோடு வந்த பையன்கள் விசிலடித்தே ஓய்ந்துபோனார்கள். முடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும்.

சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ஆடினால் வேர்க்காதா என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். தண்ணீர்ச் செம்பைக் கொடுத்த மருமகள் மட்டும், "என்ன மாமா, கை இப்படிச் சில்லுன்னு கிடக்கு?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. இடது தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடவாய்ப்பல் வலிக்கிறதாம். மச்சினன் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். குடித்தார். ஏப்பம் வந்தது. "பாருங்க மாமா, வாய்வுதான்!" ஆளாளுக்குச் சிரித்தார்கள். ஒருவர் தைலம் எடுத்து நெஞ்சில் தேய்த்துவிட்டார். அவரே டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் போய்விட்டார்.

ராத்திரி மல்லாந்து படுக்க முடியவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அது மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலமே வந்தது.

உயிர் தப்பியது. ஆனால் ரத்தம் போகாமல் கிடந்த அத்தனை மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. செத்த தசை திரும்பி வளராது. இன்றைக்கு அவர் மாடிப்படி நாலு ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சோடா குடித்த அந்த நேரத்தில் ஒரு இசிஜி எடுத்திருந்தால் கதையே வேறு.

இதில் அவர் ஆட்டத்தில் ஒரு பிழையும் இல்லை, பார்த்தீர்களா? அதுதான் சூட்சுமம். கை கற்றதை மறப்பதில்லை. நாற்பது வருசம் கழித்துக் கொடுத்தாலும் கம்பு தானாகச் சுழலும். இதயம் அப்படி இல்லை. ரத்தக்குழாய் அப்படி இல்லை. குதிகால் தசைநாண் அப்படி இல்லவே இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் அறுபது வயசுக்காரர் தட்டுத் தடுமாறி மெதுவாகத்தான் ஆடுவார். மூச்சு வாங்கினால் நின்றுவிடுவார். பழைய ஆட்டக்காரர் முதல் நிமிடத்திலேயே இருபது வயசு வேகத்துக்குப் போய்விடுவார். பயிற்சி விட்டுப்போன பழைய ஆசான்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை தடவை துடிக்கலாம் என்பதற்கு மருத்துவர்கள் தோராயமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 220-இல் வயதைக் கழிக்க வேண்டும். இருபது வயசுக்கு 200. அறுபதுக்கு 160. தசையும் அப்படித்தான். முப்பதைத் தாண்டினால் பத்து வருசத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் கரைகிறது. வீடு கட்டி அடிக்கும்போது கால் எடுத்து வைக்க வேண்டிய இடம் மூளைக்குத் தெரியும். தொடைக்குத்தான் அந்தப் பலம் இருக்காது.

"சிலம்பம் ஆடினவனுக்குச் சர்க்கரை வராது, பிபி வராது." இதுவும் நம்மூர்ப் பேச்சு. யார் சொன்னது? ஆண்டிப்பட்டிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எம்ஜிஆரை விடக் கம்பு சுற்றியவரைத் திரையில் யார் பார்த்தார்கள்? 'ரிக்ஷாக்காரன்' படம் வந்த 1971-இல் அவருக்கு வயது 54. உடம்பைப் பேணுவதில் அத்தனை கட்டுப்பாடு. அப்படிப்பட்டவரையே சர்க்கரை நோய் விடவில்லை. 1984 அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து, சென்னை அப்போலோவில் சேர்த்தார்கள். பக்கவாதமும் வந்தது. பிறகு அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்தார். அந்த டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டித் தொகுதிக்குள் காலே வைக்காமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடிதான் அவர் ஜெயித்தார். சர்க்கரைக்கு ஆட்டக்காரர் என்றும் தெரியாது, முதலமைச்சர் என்றும் தெரியாது.

இப்போது ஏன் இத்தனை அலறுகிறேன் என்றால், ஊருக்கு ஊர் சிலம்ப வகுப்பு முளைத்திருக்கிறது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டிலும் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றது. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! வீட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுகிறார்கள். சேர்கிற பிள்ளைக்கு எத்தனை கேள்வி கேட்கிறார்கள்! வாத்தியாருக்குக் கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று ஒருவராவது கேட்கிறார்களா?

சரி. எதைப் பார்த்தால் பதற வேண்டும்? அக்கா மாதிரி சொல்கிறேன், கேளுங்கள்.

நெஞ்சு வலித்தால்தான் மாரடைப்பு என்று இருக்காதீர்கள்! தாடை, கழுத்து, இடது தோள், முதுகின் நடு, மேல் வயிறு என எங்கே வேண்டுமானாலும் வலி வரலாம். சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமலும் வரும். காரணமில்லாத களைப்பு, குமட்டல், சில்லென்ற வியர்வை மட்டும்தான் இருக்கும். ஆடி முடித்து உட்கார்ந்த பிறகும் வியர்வை அடங்கவில்லையா? தொட்டால் உடம்பு குளிர்ந்திருக்கிறதா? சோடாவைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏப்பம் வந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சோடா குடித்தால் யாருக்கும் ஏப்பம் வரும்!

கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி க.விலக்கில் இருக்கிறது. அதனால் முதலில் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நோயாளியை வண்டி ஓட்ட விடாதீர்கள். எக்ஸ்எல் வேண்டவே வேண்டாம்.

தலையில் பட்ட அடியைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். எதிர்க்கம்பு லேசாகக் காதோரம் உரசியிருக்கும். ரத்தம்கூட வந்திருக்காது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டுக் கிடக்கும். லேசான அடியிலேயே ஒன்று அறுந்து, உள்ளுக்குள் சொட்டுச் சொட்டாகக் கசியும். அடைப்புக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கசிவு எளிதில் நிற்காது. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அதற்குள் அடிபட்டதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். "பெருசு தண்ணி போட்டிருக்கு" என்று பழி வேறு. மாத்திரை சாப்பிடுகிறவர் அடி பட்ட அன்றைக்கே போய் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

குதிகாலுக்கு மேலே 'டப்' என்று சத்தம். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. நொண்டி நொண்டி நடக்க முடியும் என்பதால் சுளுக்கு என்று நினைத்துத் தடவிவிடப் போவார்கள். தடவித் தடவி வாரங்கள் போனால் அறுந்த முனைகள் விலகிவிடும், பிறகு அறுவை செய்தாலும் பழைய கால் வராது. வர்மம் அறிந்த பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை யாரும் அழுத்தவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடும். அது உயிர் போகிற விஷயம்.

சிறுநீர் கோலா நிறத்தில் போகிறதா? நெடுநாள் கழித்து ஒரே நாளில் உடம்பைப் பிழிந்து எடுத்தால் தசை உடைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தை அடைக்கும். இதோடு மேல்வலிக்கு என்று மருந்துக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. சூடு என்று இளநீர் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் விடியற்காலைப் பயிற்சிக்குப் போகும் ஆட்களே, உங்களுக்கு ஒரு குட்டு. கை நடுங்கும், கண் இருளும், சொன்னதையே திருப்பிச் சொல்வீர்கள். சர்க்கரை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மடியில் வெல்லம் முடிந்துகொண்டு போங்கள். வெறுங்காலில் ஆடும் வழக்கம் என்றால் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி மரத்த காலில் கண்ணாடிச் சில்லு ஏறியதுகூடத் தெரியாது.

அப்படியென்றால் கம்பைப் பரணிலேயே போட்டுவிடலாமா? ஐயோ, அப்படிச் சொல்வேனா! கேரளாவில் வடகரையின் களரி ஆசான் மீனாட்சி அம்மாவைப் பாருங்கள். ஏழு வயதில் களரியில் இறங்கியவர், 2017-இல் எழுபது வயதைத் தாண்டி பத்மஸ்ரீ வாங்கினார். அவர் நடுவில் முப்பது வருசம் விட்டுவிட்டு ஒருநாள் திடீரென்று வாளைத் தூக்கவில்லை. தொடர்ந்து செய்து வந்த உடம்பு அது. இடைவெளி விட்டவர்கள் அவரைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. புரூஸ் லீக்கே 1970-இல், முப்பது வயது நிரம்பும் முன்னால், உடம்பைச் சூடேற்றாமல் எடை தூக்கி முதுகு போய்விட்டது. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. அவரை விடவா நீங்கள்?

திரும்ப ஆட ஆசையா? முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்க்கிறார்களே, அப்போது கொல்லைப்புறமாக நழுவாதீர்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டி, "நான் சிலம்பம் ஆடுவேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? முதல் சில வாரம் நடை, பிறகு வெறுங்கையில் காலடி, அதன் பிறகே கம்பு. மூச்சை அடக்கிக்கொண்டு அடிக்காதீர்கள். ஆடிக்கொண்டே நாலு வார்த்தை பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறையுங்கள். சுருள் வாளும் தீப்பந்தமும் பையன்கள் பாடு.

தங்கச்சிகளா, உங்களிடம் தனியாக ஒன்று. இந்த ஆண்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். ஆட்டக்காரர் வாயே திறக்க மாட்டார். மாணவன் முன்னால் உட்கார்ந்தால் கௌரவம் போய்விடுமாம். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள், அவர் செய்வதைப் பாருங்கள். தாடையைத் தேய்க்கிறாரா? ராத்திரி தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைக்கிறாரா? வழக்கமாகப் போகும் டீக்கடைக்கு நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டுப் போகிறாரா? மருமகள் தொட்டுப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு அன்றைக்கு அந்த வீட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. உங்கள் வீட்டில் சத்தம் போட்டாவது இழுத்துக்கொண்டு போங்கள். திட்டினால் திட்டட்டும்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் சொல்லியாக வேண்டும். சித்திரை மாதம் வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கொண்டாட்டம்தான். வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பெரியவர் பேரை மைக்கில் கூப்பிட்டு உசுப்பேற்றாதீர்கள். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வையுங்கள், கம்பை அவர் கையால் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆடித்தான் தீருவேன் என்றால் பொழுது சாய்ந்த பிறகு, இரண்டே நிமிடம். அப்புறம் விழாப் பந்தல். தெருவை அடைத்துக் குறுக்கே கால் நட்டு, இரண்டு பக்கமும் கடையும் போட விட்டால் 108 எந்த வழியாக உள்ளே வரும்? அதை முதலில் யோசித்துவிட்டுப் பந்தக்கால் நடுங்கள்.