போதையிலிருந்து மீண்டவரின் வாழ்வு

"போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவர் நிறைவான வாழ்வை அமைத்துக்கொள்ள உதவும் வழிகளை விளக்குக." சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இதனை மாதிரி வினாவாகக் கொடுத்தால், அனேகமான விடைகள் "புனர்வாழ்வு நிலையத்தில் சேர்த்தல்" என்பதோடு நின்றுவிடுகின்றன. மாணவர்களே, வினாவை மறுபடி வாசியுங்கள். அது மீண்டவரைப் பற்றியே கேட்கின்றது. சிகிச்சை முடிந்து, கையிற் பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்பவரைப் பற்றித்தான் நாம் எழுதவேண்டும்.

இவ்வினாவைத் திருத்திய நாளில் ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். "சேர், அப்பா குடியை விட்டு மூன்று மாதம். பின்னேரம் ஐந்து மணியானால் என்ன செய்யிறதென்று தெரியாமல் முற்றத்தில நடந்துகொண்டே இருக்கிறார். வீட்டில ஒருவரும் அவரோட கதைக்கிறதில்லை" என்றாள். அந்த ஐந்து மணியை விளங்கிக்கொண்டால் விடையின் பாதி கிடைத்துவிடும்.

நீண்டகாலம் மதுசாரம் அருந்துபவரின் நரம்புத் தொகுதி அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. திடீரென நிறுத்தும்போது கைநடுக்கம், வியர்வை, நித்திரையின்மை என்பன தோன்றும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிராபத்தும் நேரலாம். எனவே கடுமையாகக் குடிப்பவர் வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும். (வீட்டில் அடைத்து வைத்தல் சிகிச்சை ஆகாது.) இக்கட்டம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் மூளை கற்றுக்கொண்டவை அவ்வளவு விரைவில் மறைவதில்லை. குறித்த நேரம், சந்தி, கூட்டாளிகள், சம்பள நாள் யாவும் பழைய வேட்கையைத் தூண்டுகின்றன. இவை தூண்டிகள் எனப்படும். குடி ஒருவரின் மாலைப்பொழுதையும் நட்பையும் களைப்பாறலையும் தனதாக்கிக் கொண்டிருந்தது. அது போனதும் அவ்விடமெல்லாம் வெறுமையாகின்றது. வெறுமையான அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே மீட்சியின் உண்மையான பிரச்சினையாகும்.

இதற்கு நல்ல உதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரோன் நகரில் 1935 இல் நிகழ்ந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சன் பங்குச் சந்தைத் தொழில் செய்தவர். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வியாபார அலுவலாக அக்ரோனுக்கு வந்தார், அலுவல் தோல்வியுற்றது. ஹோட்டலின் மதுச்சாலையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. அவரோ தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, தன்னைப்போல் குடியால் துன்புறும் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். அதன் பயனாக, மே 12 ஆம் திகதி மாலை ஐந்து மணிக்கு டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டும் இருப்பதாக வந்த டொக்டர், ஆறு மணித்தியாலங்களுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். பில் அவருக்குப் புத்திமதி கூறவில்லை. தன் கதையைச் சொன்னார். அன்று இருவருக்கும் உதவி கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பிறருக்கு உதவும்போது தானும் குடியாமல் இருக்க முடிகின்றது என்பதை பில் கண்டுகொண்டார்.

ஆனால் டொக்டர் பொப் உடனே திருந்திவிடவில்லை. சில வாரங்களில் வைத்தியர் மாநாடொன்றுக்குச் சென்றபோது மீண்டும் குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. அவர் கடைசியாகக் குடித்த நாளாக யூன் 10 குறிக்கப்படுகின்றது. அன்றே அவர் வெளியே சென்று, தான் கடன்பட்டவர்களையும் மனம் நோகச் செய்தவர்களையும் சந்தித்துப் பேசிவிட்டு இரவில் வீடு திரும்பினார். அந்நாளே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்ற சகபாடி உதவி அமைப்பின் ஆரம்ப நாளாகக் கொள்ளப்படுகின்றது. டொக்டர் 1950 இலும் பில் 1971 இலும் இறக்கும்வரை மீண்டும் குடிக்கவில்லை.

இதிலிருந்து விடைக்குரிய கருத்துகளை எடுக்கலாம். மறுபடி வழுகுதல் சிகிச்சை தோற்றதற்கு அடையாளமன்று; எந்தத் தூண்டி வழுக்கியது எனக் கண்டறிந்து, உதவியை மீண்டும் நாடவேண்டும். தொழில் முக்கியம், ஏனெனில் அது வருமானத்தோடு நேர ஒழுங்கையும் மரியாதையையும் தருகின்றது. ஆனால் குடி நண்பர்கள் நிறைந்த அதே வேலைத்தலம் ஆபத்தாகலாம். குடும்பத்தினர் வாயை மணந்து பார்ப்பதும் பழையதைச் சொல்லிக் குத்திக்காட்டுவதும் நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டாலும் தீங்கே செய்யும். அதற்காகக் குடும்பத்தினர் உடனே நம்பிவிடவேண்டும் என்றும் எழுதாதீர்கள். அவர்களும் காயப்பட்டவர்களே, நம்பிக்கை வளரக் காலம் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் போதைப்பொருள் மற்றும் உளச் சுகாதாரச் சேவைகளுக்கான அரச நிறுவனம் 2012 இல் மீட்சிக்கு நான்கு அம்சங்களைக் குறிப்பிட்டது: உடல்நலம், உறைவிடம், வாழ்வின் நோக்கம், சமூகம். இந்நான்கின் கீழும் உதாரணம் தந்து எழுதும் விடை நிறைவாக அமையும். எமது நாட்டில் 1984 இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உளவளத்துணை வழங்குகின்றது. அதன் தொலைபேசி இலக்கம் 1927. பரீட்சைக்கன்றி வீட்டுக்காகவும் இவ்விலக்கம் தேவைப்படும் மாணவர்கள் இருப்பார்கள், தயங்க வேண்டாம். பெற்றோரைத் திருத்துவது பிள்ளையின் பொறுப்பல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

அந்த மாணவி அடுத்த கிழமை வந்து, ஐந்து மணிக்குத் தந்தையும் தம்பியும் கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னாள். தாயார் இன்னும் பேசத் தொடங்கவில்லையாம்.

பயிற்சி: 38 வயதுடைய மேசன் ஒருவர் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியுள்ளார். சம்பள நாளன்று பழைய கூட்டாளிகள் அவரை அழைக்கின்றனர்.
(i) இங்குள்ள தூண்டிகள் இரண்டைக் குறிப்பிடுக.
(ii) அன்று மாலை அவர் செய்யக்கூடியவற்றையும், குடும்பத்தினர் தவிர்க்க வேண்டியவற்றையும் விளக்குக.