சியாமளா கோபாலனின் புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஆய்வுகள்

சியாமளா கோபாலன் (டிசம்பர் 7, 1938 – பிப்ரவரி 11, 2009) சென்னையில் பிறந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் பணியாற்றிய மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர் ஆவார். புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பால்சுரப்பி உயிரணுக்களின் வளர்ச்சியை எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பதே இவரது ஆய்வின் மையப்பொருள். 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த கமலா ஹாரிசின் தாயார் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். இதனால் இவரது அறிவியல் பணி பற்றிப் பொதுவெளியில் பேசப்பட்டது குறைவே.

வாழ்க்கை

இவரது தந்தை பி. வி. கோபாலன் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைச் சேர்ந்த அரசு அலுவலர். தில்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் பட்டம் பெற்ற சியாமளா, 1958 இல் தம் 19 ஆம் வயதில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1964 இல் முனைவர் பட்டம் பெற்றார். முழுக் கோதுமை மாவிலிருந்து டிரிப்சின் தடுப்பானைப் பிரித்தெடுப்பதே அவரது ஆய்வேட்டின் பொருள். புற்றுநோய் ஆய்வுக்கு அவர் வந்தது அதன் பின்னரே. மான்ட்ரியலில் லேடி டேவிஸ் ஆய்வு நிறுவனத்திலும் மெக்கில் பல்கலைக்கழகத்திலும் 16 ஆண்டுகளும், பின்னர் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்திலும் பணிபுரிந்தார்.

ஏற்பியின் பங்கு

ஹார்மோன் குருதி வழியே உடல் முழுவதும் செல்கிறது. ஆனால் எல்லா உயிரணுக்களும் அதற்கு இணங்குவதில்லை. புரோஜெஸ்டிரோன் உயிரணுவுக்குள் நுழைந்து, அதற்குரிய ஏற்பிப் புரதத்துடன் இணைகிறது. இவ்விணை டி.என்.ஏ.வில் பொருந்திச் சில மரபணுக்களைத் தூண்டுகிறது. எனவே ஹார்மோன் எவ்வளவு உள்ளது என்பதை மட்டும் அளந்தால் போதாது. ஏற்பி எங்கே, எப்போது, எந்த அளவில் உள்ளது என்பதையும் அறிய வேண்டும்.

இதற்குப் பால்சுரப்பி மிகப் பொருத்தமான உறுப்பு. பெரும்பாலான உறுப்புகளைப் போலன்றி, இது பூப்பின்போதும் கருவுற்ற காலத்திலும் பெரிதும் வளர்ந்து, பாலூட்டல் முடிந்ததும் சுருங்கிவிடுகிறது. வளர்ச்சி தொடங்குவதையும் நிற்பதையும் ஒரே திசுவில் காணலாம். சியாமளாவும் சாண்ட்ரா ஹாஸ்லமும் 1979 இல் சுண்டெலிகளில் ஒன்றைக் கண்டறிந்தனர். கருவுறாத எலியின் பால்சுரப்பியில் ஈஸ்ட்ரோஜன் புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் அளவைக் கூட்டுகிறது. பாலூட்டும் எலியில் அவ்வாறு கூட்டுவதில்லை. ஹார்மோனும் திசுவும் ஒன்றே, பருவம் மாறியதும் விடை மாறுகிறது. சுண்டெலியின் இவ்வேற்பிக்குரிய மரபுக்குறிப்பைப் படியெடுத்து அதன் வரிசையை அறிந்த ஆய்வுக்குழுவிலும் சியாமளா இடம்பெற்றார். அக்கட்டுரை 1991 இல் வெளியானது.

ஏ, பி வடிவங்கள்

ஒரே மரபணுவிலிருந்து இந்த ஏற்பி ஏ, பி என இரு வடிவங்களில் உருவாகிறது. பி சற்று நீளமானது. இவ்விரண்டின் விகிதம் குலைந்தால் என்ன நேரும் என்ற வினாவே இவரது பிற்கால ஆய்வுகளில் முதன்மையானது எனலாம். 1998 இல் வெளியான ஆய்வில், ஏ வடிவத்தைக் கூடுதலாகப் பெற்ற மரபணு மாற்ற எலிகளில் பால் நாளங்கள் மிகையாகக் கிளைத்தன, உயிரணுக்கள் பெருகின, அவற்றுக்கிடையேயான பிணைப்பு தளர்ந்தது. இவை புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை ஒத்தவை. 2000 இல் பி வடிவம் மிகுந்த எலிகள் ஆராயப்பட்டபோது, நாளங்களின் வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிட்டது; பால் சுரக்கும் நுண்ணறைகள் உருவாகும் திறன் மட்டும் கெடவில்லை. ஆக, ஏற்பியின் மொத்த அளவைப் போலவே வடிவங்களின் சமநிலையும் உயிரணுவின் போக்கை முடிவு செய்கிறது.

மருத்துவத் தொடர்பு

மார்பகக் கட்டியில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் உள்ளனவா என்று சோதிப்பது இன்று வழக்கமான நடைமுறை. இருப்பின் டாமாக்சிபென் போன்ற ஹார்மோன் எதிர்ப்பு மருந்துகள் பயனளிக்கும் வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, ஈஸ்ட்ரோஜனுடன் செயற்கைப் புரோஜெஸ்டினையும் சேர்த்து உட்கொண்டோருக்கு மார்பகப் புற்றுநோய் இடர் கூடுவதாக 2002 இல் காட்டியது. கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றோரிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை என்பது 2004 இல் தெரியவந்தது. சியாமளாவின் ஆய்வுகள் எலிகளில் நடந்தவை. அவற்றை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. எனினும் புரோஜெஸ்டிரோனைத் தனியே கருத வேண்டியதன் தேவையை அவை முன்னரே உணர்த்தியிருந்தன.

மறைவு

சியாமளா 2009 இல் பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். அவரது அஸ்தி சென்னையில் கடலில் கரைக்கப்பட்டது.